எஸ்பெராண்டோ மெய்யொலிகள்: வேலூர் நாக்குக்கு ஒரு வழிகாட்டி

எஸ்பெராண்டோ என்பது பல நாட்டவரும் பேசிக்கொள்வதற்காகத் திட்டமிட்டு உருவாக்கிய மொழி. அதில் மொத்தம் 28 எழுத்துகள். உயிர் 5, மெய் 23. ஓர் எழுத்துக்கு ஓர் ஒலிதான், ஊமை எழுத்து கிடையாது. இதைப் படித்ததும் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று சத்துவாச்சாரியில் என் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். மெய்யொலிகள் மட்டும் ஒழுங்காக வர ஏழு மாதம் ஆனது. அதில் ஆறு மாதம் தப்பான வழியில் போனது. உங்களுக்கு அந்த ஆறு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் முதல் இணையவழிப் பேச்சில் 'ஒரு டம்ளர் தண்ணீர்' என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது 'ஒரு வகுப்புத் தண்ணீர்'. எதிரில் இருந்தவர் சிரிக்காமல் 'எத்தனை மாணவர்கள்?' என்று கேட்டார். ஏன் அப்படி ஆனது என்பது இரண்டாம் படியில் வரும்.

1. கையில் என்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

ஆதார், மதிப்பெண் பட்டியல் எதுவும் தேவையில்லை. ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். எஸ்பெராண்டோ கற்றுத்தர 2002 முதல் இயங்கும் லெர்னு தளத்தில் இலவசமாகக் கணக்கு தொடங்கலாம். டுவோலிங்கோ செயலியிலும் எஸ்பெராண்டோ உண்டு, ஆனால் அது ஆங்கிலம் வழியாகச் சொல்லித்தருகிறது. அதைச் சொற்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒலிக்கு வேண்டாம்.

செலவு என்று பார்த்தால் ஒரு நோட்டு, ஒரு கைக்கண்ணாடி, கம்பி வைத்த இயர்போன். கம்பி இல்லாத இயர்போனின் மைக்கில் பதிவு செய்தால் பெரும்பாலும் கூர்மையான ஒலிகள் மழுங்கிவிடும். ஸ, ஃப, ஷ எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும். நான் இரண்டு வாரம் என் நாக்கையே சந்தேகப்பட்டேன், கடைசியில் பார்த்தால் தப்பு இயர்போனில் இருந்தது.

பணம் கட்டிச் சேரும் வகுப்புகளில் கொஞ்சம் கவனமாக இருங்கள். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய் கட்டினேன். பெயர் வேண்டாம். எட்டு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. 'ஆங்கிலத்தில் படிக்கிற மாதிரியே படியுங்கள்' என்பதைத் தாண்டி ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் ஒரு சான்றிதழ் அனுப்பினார்கள், அச்சடித்தால் சுவரில் மாட்டலாம். உண்மையான சான்றிதழ் வேண்டும் என்றால் உலக எஸ்பெராண்டோ சங்கம் பி1, பி2, சி1 (இடைநிலை முதல் உயர்நிலை வரை) நிலைகளில் நடத்தும் தேர்வு இருக்கிறது. அதில் வாய்மொழிப் பகுதியும் உண்டு என்பதால் எப்படியும் இந்த ஒலிகளைக் கடந்துதான் ஆகவேண்டும்.

நேரம்: தினம் இருபது நிமிடம், நான்கு வாரம். ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக இரண்டு மணி நேரம் உட்காருவது உதவாது, தாடைதான் வலிக்கும்.

2. தமிழில் குறிப்பு எழுதினால் '3' போட்டு எழுதுங்கள்

தண்ணீர்க் கதைக்கு வருவோம். எஸ்பெராண்டோவில் டம்ளருக்கும் வகுப்புக்கும் முதல் ஒலி மட்டுமே வேறு. நான் நோட்டில் இரண்டையும் 'க்லாஸோ' என்றே எழுதி வைத்திருந்தேன். தமிழில் ஒரே க-தான். 'கல்' என்பதில் ஒரு மாதிரி, 'தங்கம்' என்பதில் வேறு மாதிரி ஒலிக்கிறோம், எழுத்து ஒன்றுதான். தமிழுக்கு அது போதும், இங்கே போதாது.

தமிழில் எழுதாதே என்று சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் முதல் மாதம் எல்லோரும் எழுதத்தான் செய்வோம். அதற்குப் பதில் தமிழ் எழுத்தில் அச்சிட்ட பழைய சுலோகப் புத்தகத்தைப் பாருங்கள். எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று குட்டி எண்கள் இருக்கும். அதில் 3 மட்டும் நமக்குப் போதும். 3 இருந்தால் தொண்டை அதிர வேண்டும், இல்லாவிட்டால் சொல்லின் நடுவில் வந்தாலும் அதிரக்கூடாது.

க்லாஸோ – வகுப்பு. க்³லாஸோ – டம்ளர்
பானோ – ரொட்டி. பா³னோ – குளியல்
தோமோ – புத்தகத்தின் ஒரு தொகுதி; தோ³மோ – வீடு
பேலா – விரட்டுகிற. பே³லா – அழகான

குரல்வளை மேல் இரண்டு விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள். 3 போட்டதில் முதல் ஒலியிலேயே அதிர்வு தெரியும். சொல்லின் தொடக்கத்தில் நமக்குப் பெரும்பாலும் வந்துவிடும். சிக்கல் நடுவில்தான். பூனைக்கு 'காதோ' என்று பெயர். நடுவில் இருக்கும் த-வில் எண் இல்லை, அதனால் 'கத்தி'யில் வருகிற வல்லோசை, ஆனால் இரட்டிக்காமல். நாமோ காதில் தோடு போடுகிற 'காது' மாதிரி மெதுவாக்கிவிடுவோம். இதற்கு ஒரு வாரம் முழுசாகக் கொடுங்கள். மற்ற எல்லாப் படியும் இதன் மேல்தான் நிற்கிறது.

3. இன எழுத்துப் பழக்கத்தை உடையுங்கள்

எல்லோரும் முதலில் கற்கும் சொல் 'நன்றி'. எஸ்பெராண்டோவில் தா³ன்-கோன். நான் மூன்று மாதம் 'தாங்கோன்' என்று, 'தாங்கு' மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தேன். தமிழில் மெல்லினம் வந்தால் பின்னால் வருகிற அதன் இன வல்லினம் இளகிவிடும். பந்து, அம்பு, சங்கு, பஞ்சு எல்லாம் அப்படித்தான். பிறந்ததிலிருந்து உள்ள பழக்கம், லேசில் போகாது.

எனக்கு வேலை செய்த தந்திரம் ஒன்றுதான். ந்த, ங்க என்று எழுதாமல் ன்-த, ன்-க என்று நடுவில் கோடு போட்டு எழுதினேன். கண்ணுக்கு விகாரமாக இருக்கும், அதனாலேயே நாக்கு ஒரு நொடி நிற்கும். கான்-தோ என்றால் பாட்டு. தேம்-போ என்றால் நேரம். தே³ன்-தோ என்றால் பல், அதிலேயே 3-ஐ விட்டு தேன்-தோ என்றால் சபலம். பல் வலிக்கிறது என்று சொல்லப்போய் சபலம் வலிக்கிறது என்று சொன்னவர்கள் உண்டு.

4. நான்கு 'சேலோ'

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது. எஸ்பெராண்டோவில் நான்கு சொற்கள், நம் காதில் நான்கும் 'சேலோ' என்றே விழும்:

ஸேலோ – குதிரைச் சேணம்
ஷேலோ – ஓடு, பழத்தோல்
சேலோ – உயிரணு (இங்கே ச எப்போதும் 'அச்சு'வில் வருகிற ச)
த்ஸேலோ – இலக்கு

எழுதும்போது முதல் இரண்டும் எஸ், பின் இரண்டும் சி. தலையில் தொப்பி (^ என்ற குறி) இருந்தால் ஷ, ச. தொப்பி இல்லாவிட்டால் ஸ, த்ஸ. ஆங்கிலப் பழக்கத்தில் தொப்பி இல்லாத சி-யைக் கண்டதும் க என்று படித்துவிடுவோம். எஸ்பெராண்டோவில் அது ஒருபோதும் க ஆகாது, எந்த இடத்திலும் த்ஸ தான்.

இந்த த்ஸ தமிழில் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். வத்ஸலா என்று பெயருள்ள யாரையாவது கூப்பிட்டிருப்பீர்கள் அல்லவா? அதே த்ஸ தான், சொல்லின் முதலில் வைக்க வேண்டும், அவ்வளவே. எனக்கு அது வந்த விதம் வேறு. எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குச் சித்தூர் பக்கம், வீட்டில் தெலுங்கு. காபியை ஆற்றி டம்ளரில் ஊற்றிக்கொண்டே இருந்தால், கையை நீட்டி மறித்து 'த்ஸாலு, த்ஸாலு' என்பார். போதும் என்று அர்த்தம். நான் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் ஊற்றுவேன், அவர் மறுபடி சொல்வார். நான்கு நாளில் எனக்கு ஒலி வந்துவிட்டது. 'என்னடா இவன் தினம் காபி கொண்டுவந்து கொட்டுகிறான்' என்று பாட்டி வீட்டில் சொன்னதாகக் கேள்வி. காட்பாடி, குடியாத்தம் பக்கம் இருப்பவர்களுக்குத் தெலுங்கு பேசும் பாட்டி கிடைப்பது கஷ்டமே இல்லை.

ஓர் எச்சரிக்கை. பீட்ஸாவுக்கு எஸ்பெராண்டோவில் 'பீத்ஸோ'. அந்த த்ஸ-வைச் ச ஆக்கினால் கெட்ட வார்த்தை. நல்ல பசியில் இருக்கும்போது ஞாபகம் வையுங்கள்.

5. உருது பேசுபவரிடம் மூன்று ஒலிகளைக் கேட்டு வாங்குங்கள்

ஸ-வில் 3 போட்டால் ஸ³. ஆங்கில எழுத்து வரிசையின் கடைசி எழுத்து. இதை நாம் ஜ என்றோ ஸ என்றோ சொல்லித் தப்பித்துவிடுவோம். ரோஸோ என்றால் பனித்துளி, ரோஸோ³ என்றால் ரோஜா. நான் சொன்னது 'ரோஜோ'. அது இரண்டும் இல்லை.

ஆம்பூரில் தோல் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவர் வேலூர் வரும்போதெல்லாம் கோட்டைக்கு எதிரே டீ குடிப்போம். அவரிடம் கேட்டேன்.

"பாய், 'பஜார்' சொல்லுங்க."

சொன்னார். நானும் சொன்னேன். டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணே, நீங்க நாக்கை மேலே ஒட்டிட்டு எடுக்குறீங்க. ஒட்டவே கூடாது. பாம்பு மாதிரி ஸ்ஸ்ஸ்னு விடுங்க, விட்டுக்கிட்டே தொண்டையில வண்டு கத்துற மாதிரி பண்ணுங்க."

பண்ணினேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஆனால் வந்துவிட்டது. ஆறு மாதம் செயலியில் வராதது ஒரு டீயில் வந்தது. இரண்டு டீ என் கணக்கு.

அதே வித்தையை ஷ-வில் செய்தால் ஷ³. ஜே எழுத்துக்குத் தொப்பி வைத்தால் இந்த ஒலி. இங்கே தமிழருக்கென்றே ஒரு பள்ளம் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆங்கில விளக்கங்களில் இந்த ஒலியை இசட்-எச் என்று இரண்டு எழுத்தால் குறிப்பார்கள். அதைப் பார்த்ததும் நமக்கு 'தமிழ்', 'கனிமொழி' ஞாபகம் வந்து ழ என்று படித்துவிடுவோம். ழ-வுக்கு நாக்கு பின்னால் மடங்கும், இதில் மடங்கக்கூடாது. 'டெலிவிஷன் மாதிரி' என்ற விளக்கமும் உதவாது, நாம் டெலிவிஷனில் வெறும் ஷ தான் சொல்கிறோம். ஷ்ஷ்ஷ் என்று குழந்தையை அடக்குங்கள், அடக்கிக்கொண்டே தொண்டையை அதிர விடுங்கள். ஜி-க்குத் தொப்பி வைத்தால் சாதாரண ஜ, அதில் சிரமம் இல்லை. இரண்டும் ஒரே சொல்லில் வருவது 'மன்ஜாஷோ³', உணவு. பிரியாணிக்காக வரிசையில் நிற்கும் நேரத்தில் சொல்லிப் பழகலாம்.

மூன்றாவது, தொப்பி வைத்த எச். நான் ஃக என்று எழுதுகிறேன். 'குதா', 'கான்' என்று உருதுக்காரர்கள் தொண்டையில் காற்றை உரசிச் சொல்கிற க. தக்கணத்து உருதுவில் இது தாராளமாகக் கிடைக்கும், வடக்கே வேறு ஒலியில் சொல்லும் சில சொற்களைக்கூட இங்கே இந்த ஒலியில்தான் சொல்வார்கள். கோரோ என்றால் இதயம், ஹோரோ என்றால் மணி நேரம், ஃகோரோ என்றால் பாடகர் குழு. இதற்காக அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். இந்த எழுத்து வரும் சொற்கள் மிகக் குறைவு, பலவற்றில் அதற்குப் பதில் க போட்ட சொல்லும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு நாள் போதும்.

6. கண்ணாடியில் உதட்டைப் பாருங்கள்

ஃப-வுக்கும் வ-வுக்கும் மேல் பல் கீழ் உதட்டைத் தொட வேண்டும். கைக்கண்ணாடி இதற்குத்தான். ஃபேனைப் பேன் என்று சொல்கிற நாக்கு நம்முடையது. 'எனக்கு ஒரு மகன் இருக்கிறான்' என்று சொல்லும்போது ஃபீலோ என்பதைப் பீலோ ஆக்கினால் 'எனக்கு ஒரு பேட்டரி இருக்கிறது' என்று ஆகிவிடும்.

தமிழ் வ-வில் உதடு பல்லைத் தொட்டும் தொடாமலும் போகும். எஸ்பெராண்டோ வ-வில் நன்றாகத் தொட்டு அதிர வேண்டும். ஃபீனோ என்றால் முடிவு, வீனோ என்றால் திராட்சை மது. உதடு மட்டும் குவிகிற வ-வுக்குத் தனி எழுத்து இருக்கிறது, தலையில் பிறை வைத்த யு. அது பெரும்பாலும் அ, எ இரண்டுக்கும் பின்னால்தான் வரும். அ-வோடு சேர்ந்தால் நம் ஔ அச்சாக அதே ஒலி. காருக்கு 'அவ்தோ'. ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொண்டு ஆட்டோ என்று படித்துவிடாதீர்கள்.

காந்தி ரோடு லாட்ஜுகளில் தங்கும் வங்காள நண்பர்களிடம் வ பழகலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். வேண்டாம். அங்குள்ள வங்காளப் பலகைகளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், வேலூரே 'பே³லோர்' மாதிரிதான் கேட்கும். அவர்கள் மொழியில் வ இல்லாத குறையை ப³-வை வைத்துச் சமாளிக்கிறார்கள்.

7. நமக்கு ஏற்கெனவே வருவதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்

ர, ல, ம, ன நான்கும் தமிழில் உள்ளபடியே சொல்லலாம். ஆங்கிலேயர்கள் ர-வுக்குப் படுகிற பாடு நமக்கு இல்லை. இரட்டிப்பும் சுலபம்: ஃபீனோ என்றால் முடிவு, ஃபின்னோ என்றால் பின்லாந்துக்காரர். மனம், மன்னன் இரண்டையும் பிரித்துச் சொல்கிறவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை.

கெடுப்பது ஆங்கிலப் பள்ளிக்கூடம். டி-யைப் பார்த்ததும் ட என்போம். இங்கே த, த³ தான். மேசை 'தாப்லோ', டேப்லோ அல்ல. தொப்பி இல்லாத ஜே என்றால் ய. ஆண்டு என்பதற்கு எஸ்பெராண்டோச் சொல் 'யாரோ', நம் யாரோவேதான். 'மற்றும்' என்பதற்கு 'கை'. இந்த இரண்டையும் முதல் நாளே சொன்னால் புதிதாக வருபவர்களுக்கு ஒரு தெம்பு வரும்.

8. கடைசியில் ஒட்டும் உகரமும் மெய்க் கூட்டங்களும்

வினைச்சொல் நிகழ்காலத்தில் ஸ்-இல் முடியும். 'எஸ்தஸ்' (இருக்கிறது) மாதிரி. நாம் 'எஸ்தஸு' என்போம், பஸ்ஸை 'பஸ்ஸு' என்கிற அதே பழக்கம். நான்கு என்பதற்கு 'க்வார்', அதுவும் 'க்வாரு' ஆகிவிடும். சொல்லி முடித்ததும் வாயை அப்படியே நிறுத்திவிட்டு மூன்று எண்ணுங்கள். உகரம் வந்தால் அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்ளும்.

கூட்டங்களில் ஒன்றுதான் உண்மையில் கஷ்டம்: 'அறிய' என்பதற்கான சொல், ஸ்த்ஸீ-இ. முதலில் 'எஸ்த்-ஸீ' என்று உடைத்துச் சொல்லி, அப்புறம் முன்னால் உள்ள எ-வைக் கழற்றுங்கள். மூன்று நாள் ஆகும். அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில், விதிவிலக்கு இல்லை. அந்த அசை கொஞ்சம் நீண்டு கேட்கும், அதனால்தான் மேலே அங்கெல்லாம் நெடில் போட்டிருக்கிறேன்.

9. தொப்பியைத் தட்டச்சு செய்வது

ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகை இருந்தால் அமைப்புகளில் மொழிகள் பகுதிக்குப் போய் எஸ்பெராண்டோவைச் சேருங்கள். இரண்டு நிமிட வேலை. கணினியில் அவசரத்துக்கு எழுத்துக்குப் பின்னால் எக்ஸ் போடலாம். எஸ்பெராண்டோவில் எக்ஸ் என்ற எழுத்தே இல்லாததால் குழப்பம் வராது. எக்ஸுக்குப் பதில் எச் போடும் பழைய முறையும் உண்டு. அதில் விமான நிலையம் என்ற சொல் மாட்டிக்கொள்ளும்: ஃப்லூக்³ + ஹவேனோ. இடையில் ஜி-யும் எச்-சும் பக்கத்தில் நிற்பதால் தொப்பி வைத்த ஜி என்று படித்து ஜ போட்டுவிடுவார்கள். எக்ஸே போடுங்கள்.

10. குரலைப் பதிந்து பிறர் காதுக்குக் கொடுங்கள்

நான்காம் வாரம் இது. பொதுமக்களின் குரல் பதிவுகளைத் திரட்டும் மோசில்லாவின் காமன் வாய்ஸ் தளத்தில் எஸ்பெராண்டோவைத் தேர்ந்தெடுத்தால் ஐந்து ஐந்து வாக்கியங்களாகத் தரும். வாசித்துப் பதிய வேண்டும். வேறு யாரோ கேட்டுச் சரி, தப்பு என்று வாக்களிப்பார்கள். கட்டணம் இல்லை. வயது, பாலினம் சொல்வது உங்கள் விருப்பம். ஆனால் ஒன்றை யோசித்துவிட்டுச் செய்யுங்கள்: அந்தக் குரல் யாரும் எதற்கும் பயன்படுத்தும்படி பொதுவில் வெளியாகும். வெளியானபின் தரவிறக்கியவர்களிடமிருந்து திரும்ப வாங்க முடியாது. பள்ளிப் பிள்ளைகள் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

பதியும்போது ஃபேனை நிறுத்துங்கள். வேலூர் வெயிலில் இது லேசான தியாகம் இல்லை, அதனால் காலை ஐந்தரைக்கு உட்காருவேன். ஐந்து வாக்கியத்துக்கு மூன்று நிமிடம் ஆகும். முதலில் போனிலேயே பதிந்து போட்டுக் கேட்டுவிட்டு, அப்புறம் தளத்தில் ஏற்றுங்கள். நான் ஆரம்பத்தில் அவசரப்பட்டு நேரடியாக நாற்பது வாக்கியம் ஏற்றிவிட்டேன்.

பிறர் பதிந்ததைக் கேட்டு வாக்களிப்பதையும் செய்யுங்கள், காது அதில்தான் பழகுகிறது. தப்பு என்று போடத் தயங்க வேண்டாம். நான்கு சேலோவையும் ஒரே மாதிரி சொல்கிற ஒரு குரல் வந்தால் அது அந்த நாற்பதில் ஒன்றாக இருக்கலாம்.